பனித்துளிக்கும் துருப்பிடித்த ஆணிக்கும் தகராறு

அறிவிப்பாளர் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, சட்டைப் பையிலிருந்த போன் 'டிங்' என்றது. அடுத்த மூச்சில் இன்னொரு 'டிங்'. அதற்கப்புறம் அது நிற்கவே இல்லை.

"ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டார்.

"ஆரம்பிச்சுட்டாங்க."

"யாரு, அதே ரெண்டு பேரா?"

"அதே ரெண்டு பேருதான். பனித்துளியும் ஆணியும்."

"அப்ப செருப்பக் கழட்டி வச்சுட்டு வந்து உக்காருங்க. ஃபேன் போடுறேன்."

அறிவிப்பாளர் செருப்பைக் கழற்றினார். காப்பகத்துக்குப் போய்த் தன் கூகையை ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் கிளம்புவதும், வாசலைத் தாண்டுவதற்குள் குழுவில் சண்டை மூள்வதும் வழக்கமாகிவிட்டது. செருப்புக்கும் சண்டைக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அவருக்கே சந்தேகம்தான். ஆனால் என்ன தொடர்பு என்று பிடிபடவில்லை.

அவர் ரயில் நிலையத்தில் வண்டிகளின் வரவையும் புறப்பாட்டையும் அறிவித்துக்கொண்டிருந்தவர். மைக் பழுதான நாட்களில் மைக் இல்லாமலே அறிவித்திருக்கிறார். பயணிகள் யாரும் வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை. ஓய்வு பெற்றபோது வேலை போனதே தவிர குரல் போகவில்லை. வீட்டுக்குள் அவர் "கத்தரிக்கோல் எங்கே" என்று கேட்டால், எதிர்வீட்டுக்காரர் கத்தரிக்கோலோடு வந்து நிற்பார்.

ஒரு நாள் காலை நடையின்போது, கம்பி வேலியில் இறக்கை சிக்கித் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கூகையைப் பார்த்தார். ஆந்தையிலேயே முகம் வெள்ளையாக, இதயத்தை வரைந்தது மாதிரி இருக்குமே, அந்த வகை. தோள் துண்டால் போர்த்தி, பழக்கடையில் ஓர் அட்டைப்பெட்டி வாங்கி, நாலு பேரை விசாரித்து, ஊருக்கு வெளியே காயம்பட்ட ஆந்தைகளுக்கென்றே ஒரு காப்பகம் இருப்பதைக் கண்டுபிடித்து, ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனார். தனியாகப் போகிறதே என்று வழியெல்லாம் அதற்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். "இன்னும் சற்று நேரத்தில் காப்பகம் வந்து சேரும்" என்று பெட்டியின் ஓட்டை அருகே வாயை வைத்து அவ்வப்போது அறிவித்தார்.

காப்பகத்தில் பெட்டியைத் திறந்தபோது கூகை மல்லாந்து கிடந்தது.

"காயம் ரொம்ப மோசமா டாக்டரம்மா?" என்று அறிவிப்பாளர் பதறினார்.

காப்பகத்தை நடத்துகிற டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் இருந்த கூண்டுகளில் இறக்கைகள் படபடக்கும் சத்தம் கேட்டது. "வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தீங்களா?" என்று மிகமிக மெதுவாகக் கேட்டார்.

"ஆமாம்மா. பாவம், பயப்படுமேன்னு."

டாக்டரம்மா அவரை வெளியே அழைத்துப்போய் விளக்கினார். புல்லுக்குள் எலி நடந்தால் அந்தச் சத்தத்தை வைத்தே இருட்டில் இடத்தைக் கண்டுபிடிக்கிற காது கூகைக்கு. அதன் முகமே ஒலியை வாங்கிக் காதுக்கு அனுப்புகிற தட்டு. மனிதக் குரல் அதற்குப் பயமாக இருந்தாலும் கெடுதல், பழகிப்போனாலும் கெடுதல். பழகிய பறவை காட்டுக்குப் போய் மனிதர்களைத் தேடும். அதனால் இங்கே யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. டாக்டரம்மாவும் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் கூண்டுக்காரரும் கை ஜாடையிலேயே எல்லா வேலையும் செய்துகொள்கிறார்கள்.

"அருமையான ஏற்பாடு," என்றார் அறிவிப்பாளர். உள்ளே ஒரு கூண்டு குலுங்கியது.

அவருக்கு அந்த இடம் பிடித்துப்போனது. மறுநாளே உதவிக்கு வருகிறேன் என்று போய் நின்றார். உதட்டை இறுக்கிக்கொண்டு ஒரு கூண்டைக் கழுவியும் முடித்தார். பிறகு, உள்ளே இருந்த ஆந்தைக்கு மரியாதையாக ஒரு வணக்கம் சொன்னால் தப்பில்லை என்று நினைத்துக் கிசுகிசுத்தார். அவருடைய கிசுகிசுப்பு மற்றவர்களுடைய கூப்பாடு. விடுதலைக்குத் தயாராக இருந்த ஓர் ஆந்தை வலையில் போய் மோதி இறகுகளை ஒடித்துக்கொண்டது.

அன்று மாலையே டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு ஒரு பெரிய பொறுப்பைக் கொடுத்தார். காயம்பட்ட ஆந்தையைப் பார்த்தால் என்ன செய்வது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. பாலை ஊற்றிக் கொன்றுவிடுகிறார்கள். ஆகவே போனில் ஒரு குழு வேண்டும். அதை அன்பாக, சண்டை சச்சரவு இல்லாமல் நடத்த ஆள் வேண்டும்.

"உங்கள மாதிரி பேச்சுத் திறமை உள்ளவங்க கூண்டு கழுவக் கூடாது சார். வீட்டுல இருந்தே பண்ணலாம்," என்றார்.

'வீட்டில் இருந்தே' என்பதை அவர் சற்று அழுத்திச் சொன்னதாக மனைவிக்குப் பின்னால் தோன்றியது. அறிவிப்பாளருக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. அவர் குழுவுக்குக் 'கூகைக் குடும்பம்' என்று பெயர் வைத்தார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், குழுவை நன்றாகவே நடத்தினார். புதிதாக யார் சேர்ந்தாலும் ஒரு விரைவு வண்டியை வரவேற்கிற மாதிரி வரவேற்றார். தெரியாமல் கேட்டவர்களைக் கேலி செய்யவிடவில்லை. பெட்டியில் வை, இருட்டில் வை, எதையும் ஊட்டாதே, எங்களைக் கூப்பிடு என்று சலிக்காமல் சொன்னார். தையல்காரர், பஸ் டிரைவர், பள்ளிக்கூட டீச்சர் என்று பலதரப்பட்டவர்கள் சேர்ந்தார்கள். பல ஆந்தைகள் பிழைத்தன. தான் எங்கே போனாலும் குழுவுக்குச் சொல்லிவிட்டுத்தான் போவார். "காப்பகம் நோக்கிச் செல்லும் உங்கள் நிர்வாகி இன்னும் சற்று நேரத்தில் வீட்டிலிருந்து புறப்படுவார்" என்று அனுப்பிவிட்டுத்தான் செருப்பைத் தேடுவார். தொழில் பழக்கம் சும்மா விடுமா.

எல்லாம் நன்றாக இருந்தது, அந்த இரண்டு பேரைத் தவிர. ஒருவர் 'பனித்துளி'. பெயரில்தான் குளிர்ச்சி. இன்னொருவர் 'துருப்பிடித்த ஆணி'. இருவருக்கும் ஏன் ஆகாது என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் சண்டையைத் தீர்ப்பதில், ஆந்தைகளைப் பறக்கவிட்ட கடந்த இரண்டு விடுதலைகளை அறிவிப்பாளர் தவறவிட்டிருந்தார். அது போனால் போகட்டும். இப்போது பறக்கப்போவது அவரே வேலியிலிருந்து எடுத்த கூகை. எலும்பு கூடிவிட்டது, இந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அது இறக்கையை விரித்துப் பறப்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

டாக்டரம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். "குழு அமைதியா இருந்தா தாராளமா வாங்க சார். சண்டை நடக்குறப்ப நீங்க இங்க வந்துட்டா அங்க யாரு பாத்துப்பா?"

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

அன்றைய சண்டை கண்ணைப் பற்றியது. காலையில் காப்பகம் ஒரு படம் போட்டிருந்தது. படத்தில் கூகை ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தது. பாதித் தூக்கம் என்று பனித்துளி சொல்லிவிட்டுப் போயிருந்தார். அறிவிப்பாளர் புறப்பாட்டை அறிவித்ததுமே ஆணி இறங்கினார்.

"பனித்துளி அவர்களே, தப்பா நினைச்சுக்காதீங்க, உங்களுக்குக் கண் தெரியுதா தெரியலையா? அது தூக்கம் இல்லைங்க. அலட்சியம்ங்க."

"உன்னைப் பார்த்தா யாருக்குமே அலட்சியம்தான் வரும்," என்றார் பனித்துளி.

"நீங்க இப்படி முட்டாள்தனமாப் பேசுறது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?"

"போடா ஆணி."

இது எப்போதும் இப்படித்தான். பனித்துளி எடுத்த எடுப்பில் 'நீ, வா, போ' என்று இறங்கிவிடுவார். ஆணி எவ்வளவு கேவலமாகத் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். அறிவிப்பாளருக்கு அதில் ஓர் ஆர்வமே உண்டாகிவிட்டது. இந்த இரண்டு பேரும் யாராக இருக்கும், எப்படி இருப்பார்கள், கன்னத்தில் மரு இருக்குமா என்றெல்லாம் யோசிப்பார்.

ஆனால் யோசிக்க நேரமில்லை. மதியத்துக்குள் குழு தூக்கக் கட்சி, அலட்சியக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது.

அறிவிப்பாளர் ஒரு விதி போட்டார். இனி யார் எதை எழுதினாலும், முதலில் எதிராளியைப் பாராட்டி ஒரு வரி எழுதிவிட்டுத்தான் தன் கருத்தை எழுத வேண்டும். அன்பு தானாக ஊறும் என்பது அவர் கணக்கு.

"பனித்துளி அவர்களின் அறிவு கடல் மாதிரிங்க," என்று ஆணி எழுதினார். "உப்புக் கரிச்சுக்கிட்டு, யாருக்கும் குடிக்க ஆகாதுங்க."

"ஆணியோட பொறுமை எனக்குப் பிடிக்கும்," என்றார் பனித்துளி. "இவ்வளவு துருவோட யாரால இருக்க முடியும்?"

மற்றவர்களுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது. அதுவரை திட்டத் தெரியாமல் இருந்தவர்கள்கூடப் பாராட்டக் கற்றுக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் டீச்சரும் பஸ் டிரைவரும் ஒருவரையொருவர் பாராட்டிப் பேச்சு வார்த்தையை நிறுத்திவிட்டார்கள்.

"எழுத்துல உணர்ச்சி தெரியாது. அதான் பிரச்சினை," என்றார் அறிவிப்பாளர் மனைவியிடம். "என் குரல்ல நாலு வார்த்தை சொன்னா அடங்கிடுவாங்க."

"வேண்டாங்க."

"ஏன்?"

"அனுப்புங்க. அனுப்பிட்டு அப்புறம் நான் சொல்றேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரல் பதிவு அனுப்பினார். "கூகைக் குடும்பத்தினரின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி, ஒற்றுமையின் அவசியத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டு வாசலில் நின்று முழுவதையும் கேட்டுத் தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் தையல்கார அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் குழுவின் நல்ல உறுப்பினர். கால் அடிபட்ட சின்ன ஆந்தை ஒன்றைக் கண்டெடுத்து, குழுவில் சொன்ன விதிப்படியே பெட்டியில் போட்டு, இருட்டில், சத்தமில்லாமல் வைத்திருந்தாராம். பெட்டியின் மேலேயே போனை வைத்துவிட்டு நிர்வாகியின் குரல் பதிவைத் தட்டினாராம். ஆந்தை மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது.

"பதறாதீங்க அக்கா," என்றார் அறிவிப்பாளர். "மெதுவா ஒரு துண்ட எடுத்து..."

"சார், இன்னும் உள்ள போயிடுச்சு சார்."

"முதல்ல ஸ்பீக்கர ஆஃப் பண்ணுங்க."

"ஸ்பீக்கர்ல போடல சார். காதுல வச்சுதான் பேசுறேன்."

அறிவிப்பாளர் போனை வைத்துவிட்டுக் காப்பகத்தைக் கூப்பிட்டார். கூண்டுக்காரர் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும், "போறேன் சார்," என்று காற்றில் எழுதுகிற மாதிரி மெல்லச் சொல்லிவிட்டுத் துண்டித்துவிட்டார். அவர் எப்போதுமே போனைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டுதான் அறிவிப்பாளரிடம் பேசுவார். அது அறிவிப்பாளருக்குத் தெரியாது.

ஆந்தையைக் கூண்டுக்காரர் பத்திரமாக எடுத்துப்போய்விட்டார். ஆனால் குழுவில் பனித்துளி பொங்கிவிட்டார். "ஆந்தையைக் காப்பாத்துற குழுவா இது, விரட்டுற குழுவா? நிர்வாகிக்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியுமா?"

"பெரியவரை அப்படிச் சொல்லாதீங்க. உங்களுக்கு இதயமே இல்லைங்களா?" என்று ஆணி பாய்ந்தார்.

இப்போது சண்டை கண்ணை விட்டுவிட்டு நிர்வாகியின் வாய்க்கு வந்து சேர்ந்தது. தூக்கக் கட்சியும் அலட்சியக் கட்சியும் கலைந்து, வாய்க்கு ஆதரவு, வாய்க்கு எதிர்ப்பு என்று புதிதாகப் பிரிந்தார்கள். அறிவிப்பாளருக்கு உண்மையிலேயே வலித்தது. பனித்துளி சொன்னதில் பாதி சரி என்று தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வலித்தது.

"யாரும்மா இவங்க?" என்று மனைவியிடம் புலம்பினார். "எனக்கு அத மட்டும் தெரிஞ்சாப் போதும்."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். "இதுல என்ன இருக்கு? புருஷன் பொண்டாட்டி."

"எப்படிச் சொல்ற?"

"ஒருத்தர் நீங்கங்கறார். இன்னொருத்தர் போடாங்கறார். தினமும் சண்டை போடுறாங்க. ஆனா ரெண்டு பேருல ஒருத்தரும் குழுவ விட்டுப் போக மாட்டேங்குறாங்க. வேற யாரா இருக்கும்?"

இவ்வளவு நாள் இது தனக்குத் தோன்றவில்லையே என்று அறிவிப்பாளர் நெற்றியில் தட்டிக்கொண்டார். குடும்பத் தகராறு என்று தெரிந்துவிட்டால் தீர்ப்பது எளிது. இருவருக்கும் தனித்தனியாக எழுதினார்.

ஆணிக்கு: "தம்பி, எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் நடப்பதைக் குழுவுக்குக் கொண்டுவர வேண்டாம். பனித்துளிக்கு வெளியில்தான் கோபம், உள்ளே உங்கள் மேல் கொள்ளைப் பாசம். இன்று போகும்போது ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள்."

பனித்துளிக்கு: "அம்மா, அவர் உங்களுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறார் பார்த்தீர்களா? அப்படி ஒருவர் கிடைப்பது கஷ்டம். இருவரும் எங்காவது ஒரு நாள் வெளியூர் போய்வாருங்கள்."

வெகு நேரம் பதிலே இல்லை. பிறகு ஆணியிடமிருந்து வந்தது. "ஐயோ சார், அப்படி எல்லாம் இல்ல சார். இனிமே கனவுலகூட இப்படி எழுதாதீங்க சார். எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைங்க இருக்கு."

பனித்துளியிடமிருந்து ஒரு முற்றுப்புள்ளி மட்டும் வந்தது. அதில் எவ்வளவு கோபம் அடங்கும் என்று அறிவிப்பாளர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

மறுநாள் இருவரும் இரண்டு மடங்கு வேகத்தில் மோதிக்கொண்டார்கள். ஆணி வழக்கத்தைவிடக் கடுமையாகவும், வழக்கத்தைவிட அதிகமாக 'ங்க' போட்டும் எழுதினார். தங்களுக்குள் ஒன்றும் இல்லை என்று ஊருக்கே நிரூபிக்கிற மாதிரி இருந்தது அது.

விடுதலை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் வீட்டிலேயே சமாதானக் கூட்டம். எல்லோரும் வரலாம், பனித்துளியும் ஆணியும் கட்டாயம் வர வேண்டும். நேரில் முகத்தைப் பார்த்துவிட்டால் யாரால் திட்ட முடியும்?

"எத்தன பேரு வருவாங்க?" என்றார் மனைவி.

"வந்தா ஒரு அஞ்சாறு பேரு."

வீடு நிறைந்து, படிக்கட்டு நிறைந்து, எதிர்வீட்டுத் திண்ணையும் நிறைந்தது. மனைவி டீ போட்டுப் போட்டுப் பால் தீர்ந்து, கறுப்பு டீக்கு இறங்கினார். அறிவிப்பாளர் வாசலில் நின்று ஒவ்வொருவரின் வருகையையும் அறிவித்தார். தையல்கார அக்கா பீரோ கதையை நடித்துக் காட்டினார். டீச்சரும் பஸ் டிரைவரும் ஒரே நாற்காலியை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, கடைசியில் இருவருமே நின்றார்கள். முகம் தெரியாமல் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் முகம் தெரிந்ததும் கூச்சப்பட்டார்கள், பிறகு சிரித்தார்கள். குழு என்று தான் நடத்திக்கொண்டிருந்தது இத்தனை உயிருள்ள மனிதர்களை என்பது அறிவிப்பாளருக்கு நெஞ்சை நிறைத்தது.

பனித்துளியும் ஆணியும் மட்டும் வரவில்லை. "அவசர வேலைங்க, மன்னிச்சுக்கோங்க" என்று ஆணி எழுதியிருந்தார். "கையில வேலை" என்று பனித்துளி எழுதியிருந்தார். டாக்டரம்மாவையும் அறிவிப்பாளர் அழைத்திருந்தார், அவரோ அன்றைக்கு ஓர் ஆந்தைக்கு அறுவை சிகிச்சை, பிடித்துக்கொள்ளக் கூண்டுக்காரர் வேண்டும் என்று சொல்லிவிட்டார். வர வேண்டியவர்களைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள்.

வராத இருவருக்கும் சேர்த்து அறிவிப்பாளர் பேசினார். கேள்விகளுக்குப் பதில் சொன்னார். படிக்கட்டில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று யாரோ பொய் சொன்னதால் இன்னும் உரக்கப் பேசினார். மாலை சாய்ந்தபோது, "இந்தக் கூட்டத்துக்கு வருகை தந்த அனைவருக்கும்" என்று வாயைத் திறந்தவர், அப்படியே நின்றார். 'நன்றி' வரவில்லை. மறுபடி முயன்றார். வெறும் காற்றுதான் வந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எல்லோரும் கைதட்டினார்கள். தையல்கார அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலும் குரல் திரும்பவில்லை. அவர் கையை ஆட்டி, உதட்டை அசைத்து, கடைசியில் தம்ளரைத் தட்டித் தண்ணீர் கேட்டார். எதிர்வீட்டுக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மனைவி கவலைப்பட்டார். கையில் கிடைத்த டாக்டர் நம்பர் காப்பக டாக்டரம்மாவுடையதுதான். கூப்பிட்டார்.

"தொண்டை சுத்தமா அடைச்சிருச்சும்மா. ஒரு எழுத்துகூட வரல. நீங்க ஆந்தைக்கு டாக்டர்னு தெரியும். இருந்தாலும் மனசு கேக்கல. ஏதாவது மருந்து குடுக்கலாமா?"

டாக்டரம்மா மறுபடி உறுதி செய்துகொண்டார்.

"ஒரு எழுத்துகூட வரலையா?"

"இல்லம்மா."

"காய்ச்சல், வலி எதுவும் இல்லையே?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப பயப்படாதீங்க. மருந்து எதுவும் அவசரப்பட்டுக் குடுக்க வேண்டாம். வெந்நீர் குடுங்க. ரெண்டு மூணு நாள்ல தானா சரியாயிடும். ரெண்டு மூணு நாள் ஆகும்ல?" என்று டாக்டரம்மா திருப்பி மனைவியையே கேட்டார்.

அன்று மதியம் அதிசயம் நடந்தது. "ஆணி அவர்களே, கண் விஷயத்தில் நீங்கள் சொன்னதும் சரியாக இருக்கலாம்" என்று பனித்துளி எழுதினார். "அய்யோ, நீங்க சொன்னதுதாங்க சரி" என்று ஆணி எழுதினார். குழுவே ஒரு நிமிடம் திகைத்துப்போய், பிறகு பூவும் கைகூப்புமாகக் கொட்டித் தீர்த்தது. அறிவிப்பாளர் போனைத் தூரத்தில் பிடித்துப் படித்தார், கிட்டத்தில் பிடித்துப் படித்தார். தான் பட்ட பாடு வீண் போகவில்லை என்று கண் கலங்கினார்.

உடனேயே டாக்டரம்மாவின் செய்தி வந்தது. இன்று மாலை கூகையைப் பறக்கவிடுகிறோம். குழு அமைதியாக இருப்பதால் நீங்கள் அவசியம் வர வேண்டும்.

அவர் புறப்பாட்டை எழுதி அனுப்பிவிட்டுச் செருப்பை மாட்டினார். மாட்டிவிட்டு அப்படியே நின்றார். மனைவியும் கதவோரம் வந்து நின்று சட்டைப் பையைப் பார்த்தார்.

"என்னங்க, அடிக்கலையே?"

அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அப்ப சீக்கிரம் ஓடிடுங்க. அவங்க மனசு மாறுறதுக்குள்ள."

காப்பகத்தின் வாசலில் டாக்டரம்மா காத்திருந்தார். அறிவிப்பாளர் தொண்டையைத் தொட்டுக் கையை விரித்தார். டாக்டரம்மா தெரியும் என்று தலையசைத்து, முதல் தடவையாக அவரைக் கூண்டுகளைத் தாண்டி உள்ளே அழைத்துப்போனார். இரண்டு பக்கமும் ஆந்தைகள் கம்பத்தில் உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடப் படபடக்கவில்லை. ஒன்று மட்டும் தலையைத் திருப்பி அவரைப் பார்த்துவிட்டு, ஆபத்தில்லை என்று முடிவு செய்து, மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. தன்னை ஓர் உயிர் நம்பித் தூங்குவது அவருக்கு என்னவோ செய்தது.

பின்பக்கம் திறந்த வெளி. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. கூண்டுக்காரர் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து மேடையில் வைத்து, மூடியைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார். மூவரும் காத்திருந்தார்கள்.

கூகை பெட்டியின் விளிம்பில் ஏறி நின்றது. அந்த வெள்ளை முகத்தை இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கம் திருப்பியது. அதற்கு இப்போது என்னவெல்லாம் கேட்கிறது என்று அறிவிப்பாளருக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. தூரத்துப் புல்லில் எலி நடப்பது கேட்கும். தன் நெஞ்சு அடித்துக்கொள்வதும் கேட்குமோ என்னவோ. கை தானாக நெஞ்சை அழுத்திக்கொண்டது.

பிறகு அது பறந்தது. சத்தமே இல்லை. இறக்கை விரிந்தது தெரிந்தது, உடல் உயர்ந்தது தெரிந்தது, ஒரு துணி மடிகிறபோது வருகிற ஓசைகூட வரவில்லை. வாழ்நாள் முழுக்க எத்தனையோ புறப்பாடுகளைப் பார்த்தவர்தான். ஆனால் அறிவிப்பும் ஊதலும் இல்லாமல் ஒன்று இவ்வளவு அழகாகக் கிளம்பிப் போகும் என்று அவருக்குத் தெரியாது. மரங்களுக்கு மேலே அது மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டே நின்றார். கன்னம் நனைந்திருந்தது. அதைத் துடைக்க அவர் அவசரப்படவில்லை.

குரல் இருந்திருந்தால் நிச்சயம் ஏதாவது சொல்லியிருப்பார். இல்லாததற்காக அன்றைக்கு அவர் வருத்தப்படவில்லை.

திரும்பி வாசலுக்கு வந்ததும் போனை எடுத்துத் தட்டி, டாக்டரம்மாவிடம் காட்டினார். "ரொம்ப நன்றி. குழுவில் இனிமேல் சண்டை வராது, அதற்கு நான் பொறுப்பு. எனக்கும் நேரம் நிறைய இருக்கும். தொண்டை சரியானதும் தினமும் வந்து கூண்டு கழுவுகிறேன்."

டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார். கூண்டுக்காரரும் எட்டிப் படித்தார்.

"சந்தோஷம் சார்," என்று டாக்டரம்மா மெல்லச் சொன்னார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, அது பொய்யில்லை.

அறிவிப்பாளர் கைகூப்பிவிட்டு, சாலையில் இறங்கி நடந்தார். வளைவில் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். டாக்டரம்மாவும் கையசைத்தார். உள்ளே, பீரோவுக்குப் பின்னாலிருந்து மீட்கப்பட்ட சின்ன ஆந்தை, கட்டுப்போட்ட காலோடு அப்போதுதான் தூங்க ஆரம்பித்திருந்தது. கூண்டுக்காரர் கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தி, ஒரு துருப்பிடித்த ஆணியில் கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்த 'அமைதி' பலகையை நேராக்கினார்.

"அவருக்குத் தொண்டை சரியாகுறப்ப, அடுத்த சண்டைய நீங்களே ஆரம்பிச்சுடுங்கம்மா," என்றார். "எத்தன தடவை ஆனாலும் உங்களத் திட்டி எழுதுறதுக்கு எனக்குக் கை கூசுது."